போலிப் பெட்டியின் அசல் காலம்

1994-இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். இறக்குமதி வரி மட்டும் எண்பது சதவீதம். அதைச் சமாளிக்கத்தான் ஷா வாலஸ் நிறுவனத்தோடு கைகோத்து வந்தார்கள் (ஆமாம், மது விற்ற அதே ஷா வாலஸ்). கைகோத்தும் அந்த விலை. அன்றைய தங்க நிலவரப்படி அது ஏறக்குறைய ஐந்து பவுன். பெண்ணுக்குச் சேர்க்க வேண்டிய ஐந்து பவுனைப் பையனின் விளையாட்டுச் சாமானில் போடும் குடும்பத்தைத் தி. நகர் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. போட் கிளப் பக்கம் ஓரிரு வீடுகளில் இருந்திருக்கலாம். மயிலாப்பூர் மாட வீதிகளுக்கோ, மேற்கு மாம்பலத்துக்கோ, அடையாறு காந்தி நகருக்கோ அது வரவில்லை.

வந்தது வேறொன்று. 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற இயந்திரத்தின் நகல். தைவானில் அதன் சிப்புகளைப் பார்த்து அப்படியே செய்தார்கள். அங்கிருந்து மைக்ரோ ஜீனியஸ், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் ஊர் ஊராகப் போனது. நிண்டெண்டோ சார்பில் சாமுராய் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உதிரிப் பாகங்களை வரவழைத்து இங்கேயே பொருத்தி முறையாக விற்றதும் உண்டு. ஆனால் தெருவில் புழங்கியவை பெரும்பாலும் பெற்றோர் பெயர் தெரியாத பெட்டிகளே. அதிலும் டெர்மினேட்டர் தனி ரகம். வெளியே பார்த்தால் ஐந்து பவுன் சேகாவின் கறுப்பு உடம்பு. திறந்தால் உள்ளே நிண்டெண்டோவின் மூளை. இரண்டு ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தைக்காக முட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், தைவான்காரர் ஒருவர் இரண்டையும் ஒரே டப்பாவில் சமாதானம் செய்து வைத்திருந்தார்.

எங்கே வாங்கினோம்? பர்மா பஜாரில்தான். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1969-இல் ராஜாஜி சாலையோரம் அமைந்த கடை வரிசை அது. தென் சென்னைப் பையன்களுக்கு அது சற்று எட்டாத தூரம். அப்பாவோ சித்தப்பாவோ மனம் வைத்தால்தான் உண்டு. 1997 அக்டோபரில் பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை நீண்டது. திருமயிலையில் ஏறினால் கடற்கரை நிலையம், இறங்கிச் சாலையைக் கடந்தால் பஜார். வீட்டுக்குத் தெரியாமல் கேசட் மாற்றிவிட்டு வர அந்த ரயில் பெரிய சௌகரியம். கார்ட்ரிட்ஜ் என்று எங்களில் யாரும் சொன்னதில்லை, கேசட்தான். பழைய கேசட்டைக் கொடுத்து மேலே கொஞ்சம் பணம் வைத்தால் புதியது கிடைக்கும். கடைக்காரர் நம் கேசட்டைத் தன் பெட்டியில் சொருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலின் விலை இருபது ரூபாய்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அடுத்த கட்டம் டிவி. டயனோராவும் சாலிடேரும் இந்த ஊரிலேயே தயாரான டிவிகள். ஹாலில் மரப்பெட்டிக்குள் ஷட்டர் போட்டு, மேலே கிரோஷா விரிப்போடு இருக்கும். அதன் முதுகில் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு நம்முடையதைச் சொருக வேண்டும். பிறகு டியூனிங். சிறு சக்கரத்தை நகத்தால் உருட்டிக்கொண்டே போனால் புள்ளி மழைக்கு நடுவே மரியோ எட்டிப் பார்ப்பார். இன்னும் ஒரு நூல் உருட்டினால் காணாமல் போவார். அந்த நேரத்தில்தான் சமையலறையிலிருந்து குரல் வரும்: “டேய், பிக்சர் டியூப் போயிடும்டா!” டிவி கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்பதில் சென்னைத் தாய்மார்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து. யார் இந்தச் செய்தியைப் பரப்பினார்கள் என்று ஒருநாள் ஆராய வேண்டும். டிவி ரிப்பேர்க்காரர்கள் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் போதும், தெருவே ஆடும். அதற்குச் சட்டங்கள் உண்டு. ஒரு லைஃப் போனால் கை மாற வேண்டும். செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே விட வேண்டும். பாட்டி தூங்கினால் சத்தம் கூடாது. எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது, அதைப் பெட்டியே போட்டுவைத்திருந்தது. ஃபேமிகாமின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன்கள் கிடையாது. ஜப்பானில் அந்த இடத்தில் ஒரு குட்டி மைக் வைத்திருந்தார்கள். நகலெடுத்தவர்கள் மைக்கைத் தூக்கிவிட்டு, பட்டன் இல்லாத குறையை மட்டும் பத்திரமாக நகலெடுத்தார்கள். விளைவு? பெட்டிக்குச் சொந்தக்காரப் பையன் எப்போதும் முதல் கன்ட்ரோலர். ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவன் உரிமை. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் நாம் அவனிடம் விண்ணப்பிக்க வேண்டும். அக்கா தங்கைகளுக்கு இரண்டாவது கன்ட்ரோலர்கூட லேசில் கிடைக்காது, ஆனாலும் மத்தியானம் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போன நேரத்தில் பழகி, மரியோவில் எங்களைவிட இரண்டு கோட்டை தாண்டிப் போனவர்கள் அவர்கள்தான்.

கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. கணக்குப் பார்க்கத் தெரிந்த பையனுக்கும் அதில் சந்தேகம் வராது. உள்ளே உண்மையில் சில ஆட்டங்கள். மிச்சமெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில், இரண்டாம் கட்டத்திலிருந்தோ ஐந்தாம் கட்டத்திலிருந்தோ தொடங்கும். டாங்க் என்று நாங்கள் சொன்ன பேட்டில் சிட்டி, காண்ட்ரா, சர்க்கஸ் சார்லி, ரோட் ஃபைட்டர், வாத்து சுடுவது, பாம்பர்மேன். இவ்வளவுக்குள் ஐந்தாறு கோடை விடுமுறைகள் போயின. சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட். இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் காலை வணக்கப் படம் அதைவிடக் கனமானது.

பழைய கேம் பெட்டிகளைச் சேகரிப்பவர்களிடம் இப்போது ஒரு மனோபாவம் பரவியிருக்கிறது. அசல் ஜப்பான் பெட்டி உயர்ந்தது, நகல் குப்பை என்று. அமெரிக்காவில் அது செல்லுபடியாகும். சென்னையில் ஆகாது என்பதே என் கட்சி. 1990-களில் டோக்கியோவிலிருந்து ஒரு மாமா நிஜ ஃபேமிகாமை வாங்கிவந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டுப் பிளக்கில் சொருகினால் அதோடு கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தப்பித்தாலும் அது படத்தை அனுப்பும் அலைவரிசை நம்மூரில் எஃப்.எம். ரேடியோ இருக்கும் இடம், டிவி அங்கே போகாது. அதையும் சரிசெய்தால், ஜப்பான் என்.டி.எஸ்.சி. முறை, இந்தியா பால் முறை. அன்றைய டிவியில் வண்ணம் வராது, படம் உருளும். அசல் பெட்டி அலமாரியில் காட்சிப் பொருளாக இருந்திருக்கும். தைவான் சிப்போ, பால் நாடுகளின் டிவியில் ஜப்பானியக் கேசட்டுகள் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. காப்பியடித்தவர்கள் செய்த வேலைதான் என்றாலும், நம் வீட்டு டிவியை மனத்தில் வைத்து யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் அது அவர்கள்தான்.

அதில் ஒரு விசித்திரம் உண்டு, பின்னால் வருகிறேன்.

2000-களில் பிளேஸ்டேஷன் 2 வந்ததும் ஆட்டம் வீட்டு ஹாலைவிட்டுக் கடைக்குப் போனது. மயிலாப்பூர் சந்துகளிலும் ரங்கநாதன் தெருவின் பின்பக்கத்திலும் ஒரு ஷட்டர் அகலக் கடைகள், உள்ளே மூன்று நான்கு டிவி, பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்குப் பத்தோ பதினைந்தோ. உலகத்தில் 15 கோடிக்கு மேல் விற்ற அந்தப் பெட்டி நம்மூரில் ‘சிப் போட்டதா?’ என்ற ஒரே கேள்வியோடு விற்றது. சிப் போட்டால் முப்பது ரூபாய் டிஸ்க்கும் ஓடும். சிட்டி சென்டர் லேண்ட்மார்க்கில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரிஜினல் டிஸ்க் அழகாக அடுக்கியிருக்கும்; அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, ரிச்சி தெருவில் வாங்குவது வழக்கம். சான் ஆண்ட்ரியாஸ், மல்யுத்தம், கிரிக்கெட் மூன்றும் போதும், கடை ஓடிவிடும். அந்தக் கடைகளில் ஒரு பெண்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஹாலில் அரைகுறையாகக் கிடைத்த இரண்டாவது கன்ட்ரோலரும் அவர்களுக்கு அங்கே கிடைக்கவில்லை. 2013-இல் சோனி அந்தப் பெட்டியின் உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டுதான் இந்தியாவில் டான் 2 படத்தின் கேம் அதற்கு வெளியானது. பந்தி எடுக்கும் நேரத்தில் வந்த விருந்தாளி. பிறகு கையிலேயே ஜியோவும் பப்ஜியும் வந்தன, ஷட்டர்கள் மொபைல் ரீசார்ஜுக்கும் ஃபாஸ்ட் ஃபுட்டுக்கும் மாறின.

இப்போது அந்தப் பையன்களுக்கு நாற்பது வயது. சம்பளம் இருக்கிறது, முடி குறைந்திருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடக்கும் கூட்டத்தில் லேப்டாப் பேட்டரி தேடாமல் பழைய பெட்டி தேடுகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். புதுப் பெட்டி வாங்கக் காசில்லாதவர்கள் அல்ல. 2021-இல் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5 வீட்டில் இருக்கும், அதில் தூசியும் இருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிளேஸ்டேஷன் 2 என்றால் வெள்ளி டிஸ்க், நீல டிஸ்க் இரண்டையும் போட்டுப் பாருங்கள். அதில் டி.வி.டி.யும் உண்டு, அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சி.டி.யும் உண்டு, லென்ஸ் சோர்ந்திருந்தால் ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றில் திணறும். கேசட் பெட்டி என்றால் அடாப்டரில்தான் ஆபத்து. ஃபேமிகாம் வகையில் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்றைய வைஃபை ரவுட்டர் அடாப்டரில் நேர் எதிர். வோல்ட் ஒன்றுதானே என்று மாற்றிச் சொருகினால் புகை வரும். உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர்தான் பெரும்பாலும் பலியாகும். அந்தத் தெருவிலேயே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், பற்றவைக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவே. கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதாதீர்கள். சின்ன வயதில் எல்லோரும் ஊதினோம், ஊதியதும் வேலை செய்தது. உண்மையில் கழற்றி மாட்டியதில்தான் தொடர்பு சரியானது. நம் எச்சில் ஈரம் தகட்டை அரித்ததுதான் மிச்சம். பெசன்ட் நகர் உப்புக் காற்றில் இருந்த கேசட் என்றால் கேட்கவே வேண்டாம். அழிரப்பரும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் போதும்.

பெட்டி மஞ்சளாகியிருந்தால் கவலை வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கக் கலந்த புரோமின்தான் காலப்போக்கில் பழுப்பேறுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைத்தால் நிறம் திரும்பும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்குப் புற ஊதா விளக்கு வாங்குகிறார்கள். நமக்குச் சித்திரை இருக்கிறது. வடாம் காயப்போடுவது போல மொட்டை மாடியில் வைத்து, அவ்வப்போது திருப்பிவிட்டால் சரி. பலகைக்கும் சிப்புக்கும் வெயில் கூடாது, மேல் ஓட்டை மட்டும்.

பெட்டி எளிது, டிவிதான் கஷ்டம். வாத்து சுடும் துப்பாக்கியை எல்.இ.டி. டிவி முன்னால் நீட்டினால் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை இழுத்ததும் திரை கண நேரம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அடி விழுந்தது என்று கணக்கு. பிக்சர் டியூப் டிவியில் இது உடனுக்குடன் நடக்கும். புதுத் திரை படத்தை வாங்கிச் செப்பனிட்டுக் காட்டுவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. ஆக, அன்று எது போய்விடும் என்று பயந்து விளையாடினோமோ அந்தப் பிக்சர் டியூப்பைத்தான் இன்று தேடி அலைகிறோம்.

இங்கே தமிழ்நாட்டுக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல டிவி போனது. பிக்சர் டியூப் டிவிகள் உலகம் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில் நம் அரசு அவற்றை வீடு வீடாக வைத்தது. பொருளாதார நிபுணர்கள் அப்போது சொன்னதெல்லாம் இருக்கட்டும். பழைய கேம் ஆடுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான டிவி கிடையாது. சின்னது, ஒரு ஆள் தூக்கலாம். மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கம் காயலான் கடைகளில் இன்னும் எப்போதாவது தென்படுகிறது. கடைக்காரருக்கு அது செம்பு சுற்றிய குப்பை. உள்ளே இருக்கும் சுருளுக்காக உடைப்பதற்குமுன் போய்க் கேட்க வேண்டும். நான் கேட்ட கடையில், “ஓடுமான்னு கேக்காதீங்க சார், எடை எவ்ளோன்னு கேளுங்க” என்றார். எடைக்குத்தான் வாங்கினேன். ஓடுகிறது.

இனி அந்த விசித்திரம். புது ஸ்விட்ச் கருவியிலோ கணினியிலோ மரியோவை ஆடிப் பார்க்கும் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே குறை சொல்வார்கள்: கை ஓடவில்லை, மரியோ வேகமாகப் போகிறார், குழியைத் தாண்டப் பட்டனை அமுக்குவதற்குள் விழுந்துவிடுகிறார். வயதாகிவிட்டது என்று சிரித்துவிட்டு எழுந்துபோவார்கள். வயது பாதிதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திரை நொடிக்கு 60 முறை மாறும், நம் பால் டிவியில் 50. ஆட்டத்தின் ஒவ்வொரு அடியும் திரை மாறும்போதுதான் நகரும். நகல் பெட்டி ஜப்பானியக் கேசட்டை அப்படியே நம் டிவியில் ஓட்டியதால், நாம் பழகிய மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவானவர். பாட்டும் அதே அளவு மெதுவாக ஒலித்தது. கியோட்டோவில் செய்தவர்கள் ஒருபோதும் கேட்டிராத தாளத்தில்தான் அந்த மெட்டு நம் காதில் தங்கியிருக்கிறது. இதனால்தான் சொல்கிறேன், இந்த ஊரில் பிறந்தவன் தன் பால்யத்து மரியோவைத் திரும்ப ஆட விரும்பினால் நிண்டெண்டோவின் அசல் உதவாது. தைவான் நகலும் 50 சுற்று டிவியும்தான் உதவும். இலவச டிவியில் அந்தப் பழைய பெட்டியை மாட்டியபோது முதல் குழியைக் கை தானாகத் தாண்டியது.

மற்ற ஆட்டங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டாங்க் இன்றும் அருமை. சர்க்கஸ் சார்லி பத்து நிமிடம் தாங்கும். ரோட் ஃபைட்டரை எதற்காக அத்தனை மத்தியானங்கள் ஆடினோம் என்று விளங்கவில்லை. காண்ட்ராவை முப்பது லைஃப் இல்லாமல் ஆடினால் முதல் அருவியிலேயே சலிப்பு. அன்று பெருமையாக முடித்ததெல்லாம் கேசட்காரர் கள்ளத்தனமாக ஏற்றிக் கொடுத்த லைஃப்பில்தான். பெரும்பாலான ஆட்டங்களின் நீளம் கொஞ்சம், கடினத்தை வைத்துத்தான் அவற்றை இழுத்திருக்கிறார்கள். மாசக் கணக்கில் ஆட ஆள் இருந்தால் அது பலம். புதிய ஆட்டம் கைவசம் எத்தனையோ இருக்கும்போது அது பொறுமைச் சோதனை.

பாண்டி பஜாரில் இப்போது ‘10,000 கேம்ஸ்’ என்று எழுதிய விரல் நீள ஸ்டிக் விற்கிறார்கள். எச்.டி.எம்.ஐ.-யில் சொருகினால் வேலை முடிந்தது, வயரில்லாத இரண்டு கன்ட்ரோலர்களும் கூட வருகின்றன. ஒரு கோடிக்கு ஒன்று குறைத்துச் சொன்னவர்களின் வாரிசுகள் பத்தாயிரத்துக்கு இறங்கியது நாணயமான முன்னேற்றம். ஆனால் பட்டியலை நகர்த்துவதிலேயே அரை மணி போகிறது. எதையும் மூன்று நிமிடத்துக்கு மேல் யாரும் ஆடுவதில்லை. அடுத்தது நன்றாக இருக்குமோ என்ற நமைச்சல்.

அடையாறில் இருக்கும் அக்காவின் பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் ஸ்விட்ச்சில் ‘வெண்பா’ ஆடுகிறவன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், இட்லி ஊற்றுவதில் தொடங்கும் ஆட்டம், மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. எங்களுக்குத் திரையில் புரியாத ஜப்பானிய எழுத்து, தப்பும் தவறுமான ஆங்கிலம். இவனுக்கு இட்லிப் பானை. அதில் அவனுக்கு வியப்பு எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. என் பெட்டியைப் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டான்.

“மாமா, இதுல சேவ் எங்க இருக்கு?”

“சேவ் கிடையாதுடா.”

“அப்போ கரண்ட் போனா?”

“முதல்லேர்ந்து.”

ஒரு நொடி என்னைப் பார்த்தான். ஏமாற்றுகிறேனோ என்று சந்தேகம். பிறகு கீழே உட்கார்ந்து முதல் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த விருந்தாளி, விட்டுக்கொடுத்தேன். டாங்க் போட்டோம். நாலாவது கட்டத்தில், நாங்கள் காக்க வேண்டிய கழுகை அவனே சுட்டு ஆட்டத்தை முடித்தான். எங்கள் தெருவில் இதற்கு அடி விழும். அவன் விழுந்து விழுந்து சிரித்தான், அடுத்த ஆட்டத்தில் வேண்டுமென்றே சுட்டான். குக்கர் விசில் வந்ததும் அடுப்பைப் பார்க்க நான் எழ வேண்டியிருந்தது.

“கொஞ்சம் பாஸ் பண்ணுடா.”

“நீங்களே பண்ணுங்க மாமா.”

“என்கிட்ட அந்தப் பட்டன் இல்லடா.”

கன்ட்ரோலரை வாங்கித் திருப்பிப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் கொடுத்துவிட்டு, “அப்ப நான் சொல்றப்பதான் போகணும்” என்றான்.